எழுத்து வரைபவர்களுக்கு எந்த ரப்பர்? மைக்கு முன்னால் ஒன்று, மைக்குப் பின்னால் ஒன்று

பென்சில் வாங்கும்போது எச்பியா 2எச்சா என்று கடையில் நின்று யோசிப்பவர்கள்கூட, ரப்பர் என்று வந்தால் கல்லாவுக்குப் பக்கத்து டப்பாவில் கிடக்கும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நோட்டில் கணக்குப் போட அது போதும். ஆனால் பென்சிலில் கோடு போட்டு, அதன் மேல் மையில் எழுத்து வரைந்து, கடைசியில் பென்சிலை மட்டும் தடம் தெரியாமல் எடுக்க வேண்டிய வேலைக்கு அது போதாது. எழுத்து வேலையில் காகிதம் கெடுவது பெரும்பாலும் பென்சிலாலோ நிப்பாலோ இல்லை, ரப்பரால்தான். அதனால் என் மேசையில் இருப்பவை, கடைகளில் எளிதாகக் கிடைப்பவை எல்லாவற்றையும் ஒரே மாதிரி சோதித்துப் பார்த்து எழுதுகிறேன்.

சோதனை எளிதானது. சாதாரண ஜெராக்ஸ் பேப்பர், கார்ட்ரிட்ஜ் ஷீட் என்கிற டிராயிங் தாள், வழவழப்பான பிரிஸ்டல் அட்டை, 300 ஜிஎஸ்எம் தடிமனான வாட்டர்கலர் பேப்பர், இந்த நான்கிலும் 2எச், எச்பி, 2பி, 6பி பென்சில்களில் (எச் என்றால் கடினம், பி என்றால் மென்மை, எண் கூடக்கூட அது கூடும்) பட்டைகள் போட்டுப் பாதியை அழித்தேன். இதுவரை எல்லோரும் செய்வதுதான். அதற்கு மேல் இரண்டு காரியம் செய்தேன். அழித்த இடத்தின் மேலேயே தொட்டெழுதும் நிப்பால் ஒரு மைக்கோடு இழுத்து, மை ஓரத்தில் கசிகிறதா, கோடு கூர்மையாக நிற்கிறதா என்று பார்த்தேன். இன்னொரு பக்கம், நன்றாகக் காய்ந்த மைக்கோட்டின் மேல் ரப்பரைத் தேய்த்து, கருமை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தேன். ரப்பர்கள் தரம் பிரிவது இந்த இரண்டில்தான். வெறும் அழிக்கும் திறமையை மட்டும் பார்த்தால் இன்று கிடைக்கும் நல்ல வெள்ளை ரப்பர்களுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது.

ரப்பர் எப்படி அழிக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பென்சில் கோடு என்பது காகித நார்களின் மேடு பள்ளத்தில் மாட்டிக்கொண்ட கிராஃபைட் துகள்கள். மை மாதிரி உள்ளே ஊறுவதில்லை. ரப்பர் தேய்க்கும்போது அந்தத் துகள்கள் காகிதத்தை விட்டு ரப்பரில் ஒட்டுகின்றன, ரப்பரின் மேல்தோல் அப்படியே உருண்டு தூளாகப் பிரிந்து அழுக்கோடு போய்விடுகிறது, அடியில் இருந்து சுத்தமான புதுத்தோல் வருகிறது. அதனால் தூள் விழுவது குறை இல்லை, அது ரப்பர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். தூளே விழாமல் கெட்டியாக இருக்கும் ரப்பர் தன்மேல் ஒட்டிய கரியை மறுபடியும் காகிதத்தில்தான் பூசும். வாசனை, மினுமினுப்பு, பழம், பொம்மை வடிவம் என்று வரும் ரப்பர்களில் பல இந்த ரகம். குழந்தைகள் ஆசைக்கு வாங்கிக்கொடுங்கள், டிராயிங் பெட்டியில் போட வேண்டாம்.

காகிதத்தின் பக்கம் இன்னொரு விஷயம் இருக்கிறது. மை பரவாமல் இருப்பதற்காகக் காகிதம் செய்யும்போதே ஒரு பசை சேர்க்கிறார்கள், நல்ல வாட்டர்கலர் பேப்பர்கள் சிலவற்றில் ஜெலட்டின் பசை மேற்பரப்பிலேயே பூசப்பட்டிருக்கும். சொரசொரப்பான ரப்பர் பென்சிலோடு சேர்த்து அந்தப் பூச்சையும் சுரண்டி, நார்களைக் கிளப்பிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சுத்தமாக அழிந்திருக்கிறது என்றே தோன்றும். அடுத்து அந்த இடத்தில் மையை வைத்ததும் பூனை மீசை மாதிரி நாலாபக்கமும் ஓடும். பேப்பர் மட்டம் என்று பலர் திட்டுவது உண்மையில் இந்த இடத்தைத்தான்.

சரி, ரப்பர்களுக்கு வருவோம்.

முதலில் வெள்ளைக் கட்டி ரப்பர். பெரும்பாலும் பிவிசியில், அதை மென்மையாக்கும் ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்த்துச் செய்வது. ஸ்டெட்லர் மார்ஸ் பிளாஸ்டிக், டோம்போ மோனோ, பென்டெல் ஹை-பாலிமர் மூன்றும் இந்தக் குடும்பம். எனக்கு மார்ஸ் பிளாஸ்டிக்தான் அன்றாட ரப்பர். அழுத்தம் குறைவாகவே கேட்கிறது, தூள் நீள நீளமாகத் திரிந்து வருவதால் தட்டிவிட எளிது, அழித்த இடத்தில் மைக்கோடு நான்கு காகிதத்திலும் கூர்மையாகவே நின்றது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் என்கிற வேதிப்பொருள் இல்லாதது என்று உறையிலேயே போட்டிருப்பார்கள். மோனோ அதைவிடக் கொஞ்சம் மென்மையானது, பிரிஸ்டல் மாதிரி வழவழப்பான தாளில் அது ஓடும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது, இரண்டே இழுப்பில் எச்பி கோடு இருந்த இடம் தெரியவில்லை. ஹை-பாலிமரும் இவற்றுக்கு இணையாகவே நின்றது. மூன்றில் எது கிடைத்தாலும் வாங்குங்கள், இவற்றுக்குள் எது உசத்தி என்று சண்டை போடத் தேவையில்லை.

நம் ஊர் ரப்பர்களில் அப்சரா நான்-டஸ்ட். நடராஜ் பென்சில் செய்யும் அதே இந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனத்தின் சரக்கு, பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும், விலை சில ரூபாய்தான். பெயரைப் பார்த்து தூளே வராது என்று நினைக்க வேண்டாம், தூள் சிதறாமல் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் என்பதுதான் விஷயம். எச்பி, 2பி வரை கார்ட்ரிட்ஜ் ஷீட்டில் அழகாக அழித்தது. இதன் மேலும் மை ஒழுங்காக உட்கார்ந்தது, அதுதான் எனக்கு முக்கியம். பயிற்சித் தாள்களுக்கு, வகுப்பு எடுப்பவர்கள் மொத்தமாக வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு, இதைவிட நியாயமான ரப்பர் எனக்குத் தெரியாது. 6பி மாதிரி அடர்ந்த கறுப்பை எடுக்க மட்டும் விலை கூடிய வெளிநாட்டுக் கட்டிகள் ஒரு படி மேலே நிற்கின்றன. எழுத்து வேலையில் 6பிக்கு வேலையே இல்லை என்பதால் அந்த வித்தியாசத்துக்காக யாரும் பணத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. ஷேடிங் செய்கிற ஓவியர்களுக்கு அது கணக்கில் வரும்.

வெள்ளை ரப்பர் எதுவானாலும் அதன் அட்டை உறையைக் கழற்றி எறியாதீர்கள். உள்ளே இருக்கும் அந்த எண்ணெய்ப் பொருள் பிளாஸ்டிக்கில் படிந்தால் அதை இளக்கிவிடும். ஜியாமெட்ரி பாக்ஸில் ரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பிய்த்தெடுத்தால் ஸ்கேலில் தழும்பு விழுந்திருக்குமே, அதன் காரணம் இதுதான். உறை அழகுக்குப் போட்டது இல்லை, ஸ்கேலையும் செட்-ஸ்கொயரையும் காப்பாற்றத்தான். ஓரம் தழும்பேறிய ஸ்கேலை வைத்து எழுத்துக்குக் கோடு போட்டால் கோடு எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது பென்சில் பின்னால் இருக்கும் ரோஸ் நிற ரப்பர், அப்புறம் ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம் நீலம் என்று வரும் இரட்டை நிற ரப்பர். இந்த ரகங்களில் ரப்பரோடு பியூமிஸ் கல்தூள் மாதிரி சொரசொரப்பான பொருள் கலப்பது பழைய வழக்கம். நீலப் பக்கம் பேனா மையை அழிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நம்பியிருப்போம், அது மையை அழிப்பதில்லை, மை ஊறிய காகிதத்தையே சுரண்டி எடுக்கிறது. என் சோதனையில் இந்த ரகம் தொட்ட இடம் ஒன்றிலும் மைக்கோடு ஒழுங்காக நிற்கவில்லை. தடித்த தாளில், இனி அந்த இடத்தில் எதுவும் எழுதப்போவதில்லை என்றால், மைப்பொட்டு ஒன்றை எடுக்க நீலப் பக்கம் உதவும். அதைத் தாண்டி எழுத்து வேலையில் இதற்கு இடமே கிடையாது. பென்சிலின் பின்ரப்பர் பழசானால் இன்னும் மோசம், காற்றுப் பட்டு இறுகி, அழிப்பதற்குப் பதில் ரோஸ் கறையை இழுத்துவிடும். பின்ரப்பர் வைத்த பென்சிலுக்கு ஹைமன் லிப்மேன் 1858இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். ஏற்கெனவே இருந்த இரண்டு பொருளைச் சேர்த்து வைத்தது மட்டும்தானே, இதில் புதுக் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது என்று 1875இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பட்டியல் போடவும் கணக்கெழுதவும் சௌகரியமான ஏற்பாடுதான், டிராயிங் பென்சில்கள் பலவற்றில் பின்ரப்பர் இல்லாததற்கும் அர்த்தம் இருக்கிறது.

இப்போது எனக்கு மிகவும் வேண்டிய ரப்பர். நீடட் ரப்பர் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள், சாம்பல் நிறத்தில், பெரும்பாலும் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வரும். ஃபேபர்-காஸ்டெலுடையது நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது. சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து எந்த வடிவத்துக்கும் கொண்டுவரலாம். இதைத் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். தூள் விழாது, காகிதத்தைச் சுரண்டாது, தன்மேல் ஒட்டிய கரியைப் பிசைந்து உள்ளே மடித்துவிட்டால் மறுபடியும் புதுப்பரப்பு வந்துவிடும். கரிக்கோலில் (சார்கோல்) படம் வரைபவர்களுக்கு இது தெரிந்த சங்கதி, வெள்ளை ரப்பர் கரிக்கோலை இழுத்துப் பூசிவிடும், இதுதான் அள்ளி எடுக்கும். மூக்கின் நுனியில், கண்மணியில் வெளிச்சப் புள்ளி எடுக்க நுனியைக் கூராக உருட்டி ஒரே ஒரு தொடல் போதும்.

எழுத்து வரைபவர்களில் நிறையப் பேர் இதை வாங்கி, ஒரு கோட்டின் மேல் தேய்த்துப் பார்த்து, முழுசாகப் போகவில்லை என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். முழுசாகப் போகாததுதான் இதன் அருமை. பென்சிலில் எழுத்தின் எலும்புக்கூடு போட்டு, பருமன் கொடுத்து, திருத்தித் திருத்தி முடிக்கும்போது கோடுகள் கறுத்துப் போயிருக்கும். கிராஃபைட் வழுக்கும் பொருள், தண்ணீரில் கரையும் மையை அடர்ந்த பென்சில் கோட்டின் மேல் வைத்தால் அது ஒட்டாமல் முத்து முத்தாக விலகும். ஒட்டினாலும் அடியில் மாட்டிய கிராஃபைட்டைப் பிறகு அழிக்கவே முடியாது, மை அதை உள்ளே வைத்துப் பூட்டிவிடும், எழுத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் பளபளப்பு நிரந்தரமாக நிற்கும். அதனால் மை தொடுவதற்கு முன்னால் நீடட் ரப்பரை விரல் நீளத்துக்கு உருளையாக உருட்டி, தாளின் மேல் அழுத்தாமல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டிக்கொண்டே போங்கள். மேலே நின்ற உபரிக் கரி எல்லாம் வந்துவிடும், கண்ணுக்கு மட்டும் தெரிகிற மெல்லிய கோடு மிச்சமிருக்கும். அதன் மேல் எழுதினால் மை ஒழுங்காகப் பிடிக்கும். கடைசியில் வெள்ளை ரப்பருக்கு ஒரே ஒரு மெல்லிய வலம்தான் மிச்சம், ஓங்கித் தேய்க்க ஒன்றுமே இருக்காது.

ஓங்கித் தேய்க்காமல் இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எந்த ரப்பரும் மையையும் கொஞ்சம் எடுக்கத்தான் செய்யும். ஷெல்லாக் என்கிற அரக்கு கலந்த வாட்டர்புரூஃப் டிராயிங் இங்க் நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை ரப்பருக்கு நன்றாகத் தாக்குப்பிடித்தது, கருமையில் குறைவு தெரியவில்லை. போஸ்டர் கலர், கூவாஷ் (அடி தெரியாமல் மூடும் வாட்டர்கலர்) இரண்டும் காகிதத்தின் மேல் பொடியாக உட்காரும் நிறங்கள், இவற்றின் மேல் ரப்பர் பட்டால் அந்த இடம் மட்டும் வெளிறியோ பளபளத்தோ தெரியும். தங்க ரேக்கு ஒட்டிய எழுத்தாக இருந்தால் பக்கத்திலேயே ரப்பரைக் கொண்டுபோகக் கூடாது. இப்படிப்பட்ட வேலைகளில் மைக்குப் பின் ரப்பரே வேண்டாம் என்கிற அளவுக்குப் பென்சிலை முன்னாலேயே வெளிறச் செய்துவிடுவதுதான் என் வழக்கம். மை காய்ந்ததா என்பதில் அவசரம் வேண்டாம். கடலோர ஊர்களில், மழைக்காலத்தில், மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் தடித்த கோடுகளின் நடுவில் ஈரம் நிற்கும், ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மறுநாள் அழிப்பது நல்லது.

பென்சிலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் ரப்பர் மேல் சொல்லும் புகார் பென்சில் மேல் சொல்ல வேண்டியது. 2எச் மெல்லியதாக விழும் என்று எடுத்து அழுத்திப் போட்டால் தாளில் பள்ளம் விழும், கரி போனாலும் பள்ளம் போகாது, சாய்ந்த வெளிச்சத்தில் கோடு அப்படியே தெரியும். எச்பியை இறகு மாதிரி லேசாகப் பிடித்துப் போடுவது அதைவிட நல்லது.

பேனா வடிவ ரப்பர்களில் டோம்போ மோனோ சீரோ. உருளை நுனி 2.3 மில்லிமீட்டர், பட்டை நுனி 2.5க்கு 5 மில்லிமீட்டர், மேலே அமுக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். தமிழ் எழுத்து வரைபவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. நம் எழுத்துகளில் சுழிகள் எத்தனை என்று பாருங்கள். ண, ணை, இ, ஐ, ஞ, கீ, இவற்றின் சுழிக்கு உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அந்த எழுத்துக்கு உயிர். அங்கே ஒரு பென்சில் கோடு மிச்சம் நின்றால் சுழி அடைத்துக்கொண்ட மாதிரி தெரியும். கட்டி ரப்பரின் மூலையை உள்ளே விட்டால் சுற்றியுள்ள மைக்கோட்டையும் சேர்த்துத் தேய்க்கும். உருளை நுனி உள்ளே போய்ச் சுத்தமாக எடுத்துவிட்டு வருகிறது. மெய்யெழுத்தின் புள்ளியை இடம் மாற்றி வைக்க, ழு, ரு, கு இவற்றின் கீழ்வளைவு கோட்டைத் தாண்டி இறங்கும் இடத்தில் குறுக்கே போகும் அடிக்கோட்டை மட்டும் வெட்டி எடுக்க, இதைவிடச் சௌகரியமானது இல்லை. பட்டை நுனி நேர்க்கோடுகளுக்கு. பெரிய இடத்தை இதால் அழிக்க உட்காராதீர்கள், ரீஃபில் கரைந்துவிடும்.

அவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வெள்ளைக் கட்டி ரப்பரைப் பேப்பர் கட்டரால் குறுக்காகச் சாய்த்து வெட்டினால் கத்தி மாதிரி ஓரம் கிடைக்கும், சுழிக்குள் போகாவிட்டாலும் கோட்டோரங்களுக்குப் போதும். மழுங்கினால் இன்னொரு சீவல். கூடவே இரேசிங் ஷீல்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பொறியியல் டிராயிங் சாமான் விற்கும் கடைகளில் இருக்கும், பல வடிவத்தில் துளை போட்ட மெல்லிய ஸ்டீல் தகடு, துளை வழியாகத் தெரிவது மட்டும் அழியும். கம்ப்யூட்டர் வந்த பிறகு யாரும் கேட்பதில்லை என்பதால் கடைக்காரர் உள்ளே தேடித்தான் எடுப்பார், ஆனால் விலை குறைவு, ஆயுசுக்கும் உழைக்கும்.

பேட்டரியில் சுழலும் எலக்ட்ரிக் ரப்பர்களைப் பற்றிச் சுருக்கமாக. தலைமுடியில் வெளிச்சக் கீற்று, கலர் பென்சிலில் ஒரு புள்ளி வெள்ளை, இதற்கெல்லாம் பிரமாதம். மெழுகு கலந்த கலர் பென்சிலை மற்ற ரப்பர்கள் பூசத்தான் செய்யும், இது ஓரளவுக்கு எடுத்துவிடுகிறது. மை எழுத்தின் அருகே நான் கொண்டுபோக மாட்டேன், ஒரு நொடி கூடுதலாக நின்றால் தாளின் மேல்பூச்சு போய்விடும். ஆர்ட் கம் என்று பழுப்பு நிறத்தில் பொலபொலவென்று உதிரும் ரகம் காகிதத்துக்கு மிகவும் பாதுகாப்பு, பெரிய தாளில் பொதுவாகப் படிந்த அழுக்கை எடுக்க நல்லது, துல்லியம் எதிர்பார்க்க முடியாது.

இந்த ரப்பர் எல்லாம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் ரொட்டியின் உள்பகுதியைப் பிசைந்துதான் பென்சிலை அழித்தார்கள். 1770இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி, லண்டனில் கருவிகள் செய்து விற்ற எட்வர்ட் நெயர்ன் கடையில் பென்சிலை அழிக்கும் ஒரு பொருள் கிடைக்கிறது, அரை அங்குலக் கனசதுரம் மூன்று ஷில்லிங் என்று எழுதி வைத்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய பணம். மரத்துப் பாலில் செய்த அந்த ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இன்றைக்கும் வெயிலுக்கு இளகும் ரப்பர் நம்மிடம் ஒன்று இருக்கிறது, நீடட்தான். மே மாதத்தில் மாடி அறையிலோ வண்டிப் பெட்டியிலோ வைத்தால் பிசுபிசுத்து, ஒற்றும்போது தாளிலேயே ஒட்டும். நிழலான இடத்தில் டப்பாவை மூடி வையுங்கள், கையில் வெகுநேரம் பிசைந்துகொண்டே இருக்காதீர்கள், உள்ளங்கை எண்ணெயும் வியர்வையும் அதில் ஏறி, அங்கிருந்து தாளுக்குப் போகும். எண்ணெய் பட்ட இடத்தில் மை ஒட்டாது. பிசைந்தும் நிறம் மாறாமல் கறுப்பாகவே இருந்தால், ஒற்றிய இடத்தில் சாம்பல் தடம் வைத்தால், அதன் காலம் முடிந்தது, கழுவி மீட்க முடியாது, புதுசு வாங்கிவிடுங்கள்.

தூளைக் கையால் தள்ளுவதையும் வாயால் ஊதுவதையும் விட்டுவிடலாம். கை இழுப்பும், எச்சில் துளி தெறிப்பும், எத்தனையோ நல்ல தாளைப் பாழாக்கியிருக்கின்றன. அகலமான மெல்லிய பெயிண்ட் பிரஷ் ஒன்றை இதற்கென்றே சுத்தமாக ஒதுக்கி வையுங்கள், தட்டும்போது மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லையென்றால் தூள் பறந்துபோய் ஈர மையில் உட்காரும்.

யாருக்கு எது என்று கேட்டால், அரசு நடத்தும் டிராயிங் லோயர், ஹையர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு அப்சரா நான்-டஸ்ட் இரண்டும் ஒரு நீடட்டும் தாராளமாகப் போதும். கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர் எழுதிக் கொடுப்பவர்கள், பெயர்ப்பலகைக்கு மாதிரி வரைபவர்கள், மையில் சம்பாதிப்பவர்கள் எல்லோரும் நீடட், மார்ஸ் பிளாஸ்டிக் அல்லது மோனோ, கூடவே மோனோ சீரோ உருளை நுனி என்று மூன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கரிக்கோல்காரர்களுக்கு நீடட் இரண்டு, ஒன்று அழுக்கு வேலைக்கு, ஒன்று வெளிச்சம் எடுக்க. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை பக்கம் பேப்பர் வாங்கப் போகும்போதே பார்த்து வாங்கலாம், வாங்கும்போது வெள்ளைக் கட்டியை உறையோடு லேசாக அமுக்கிப் பாருங்கள், கொஞ்சம் இளக வேண்டும். கல் மாதிரி இருந்தால் கடையில் வெகுநாள் கிடந்த சரக்கு, வேறு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். புது ரப்பர் எதுவானாலும், நீங்கள் வழக்கமாக எழுதும் தாளின் ஒரு துண்டில் அழித்து, அதன் மேல் உங்கள் மையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்த பிறகே நல்ல தாளில் வையுங்கள்.